ஆளை மாற்றினால் பிட் ஸ்டாப் மாறுமா? ஃபெராரியின் வியூக அறையும் பலிகடாக்களும்

#1 ஈரத்தடம்

ஒவ்வொரு சீசனும் பாதி தாண்டினால் இதே பஞ்சாயத்துதான். ஃபார்முலா 1-ல் ஃபெராரி ஒரு பந்தயத்தைக் கோட்டை விடும். அன்று ராத்திரியே "அந்த ஸ்ட்ராட்டஜி ஆளைத் தூக்குங்கப்பா" என்று கூச்சல் கிளம்பும். நானும் கத்தியவன்தான், மறைக்கவில்லை. ஆனால் பழைய கதைகளைப் புரட்டிப் பார்த்தால், அவர்கள் தூக்காமல் இல்லை. பல தடவை தூக்கியிருக்கிறார்கள். தூக்கியதில் என்ன மாறியது என்பதுதான் என் சந்தேகம்.

2010 அபுதாபியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நவம்பர் 14, சீசனின் கடைசிப் பந்தயம். ஃபெராரியின் அலோன்சோ 246 புள்ளி, ரெட் புல் ஓட்டுநர்கள் வெப்பர் 238, வெட்டல் 231. வெட்டலே ஜெயித்தாலும் அலோன்சோ நாலாவதாக வந்தால் போதும், பட்டம் அவருக்கு. நாலாவதாகத்தான் ஓடிக்கொண்டும் இருந்தார். 11-வது லேப்பில் வெப்பர் டயர் மாற்ற உள்ளே போனார். அவ்வளவுதான், ஃபெராரி பிட் வாலுக்கு (தடத்தோரம் உட்கார்ந்து முடிவெடுக்கும் குழு) வெப்பரைத் தவிர வேறு யாரும் கண்ணில் படவில்லை. 15-வது லேப்பில் அலோன்சோவைக் கூப்பிட்டார்கள். வெப்பருக்கு முன்னால்தான் வெளியே வந்தார், அந்தக் கணக்கு பலித்தது. ஆனால் வந்து விழுந்த இடம் ரெனோவில் ஓடிய பெட்ரோவின் முதுகுக்குப் பின்னால். பெட்ரோவ் முதல் லேப்பில், எல்லோரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்தபோதே டயர் மாற்றி முடித்தவர், இனி உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. மிச்சம் 40 லேப். அந்த மஞ்சள் கறுப்பு வண்டியின் பின்னிறக்கையைப் பார்த்துக்கொண்டே அலோன்சோ ஒரு பட்டத்தைத் தொலைத்தார். முந்துவதற்காகப் பின்னிறக்கையைத் திறக்கும் டிஆர்எஸ் வந்தது அடுத்த வருடம். ஏழாவது இடம், வெட்டலின் 256-க்கு 252.

2011 ஜனவரியில் பந்தயத் தடப் பொறியியல் தலைவர் கிறிஸ் டையரைப் பொறுப்பிலிருந்து எடுத்து, அந்த நாற்காலியில் பேட் ஃப்ரையை உட்காரவைத்தார்கள். டையர் ஒன்றும் நேற்றைக்கு வந்தவர் இல்லை. ஷூமாக்கருக்கும் ரைக்கோனனுக்கும் ரேஸ் இன்ஜினியராக, அதாவது ரேடியோவில் ஓட்டுநரோடு பேசும் பொறியாளராக, இருந்தவர். ஒரு மாலை நேரத்தின் நாலு லேப் அவர் கணக்கை முடித்துவிட்டது.

அதற்கப்புறம் ஃபெராரி ஓட்டுநர் யாரும் பட்டம் வாங்கவில்லை. சொல்லுங்கள், யாரைத் தூக்கினால் சரியாகும்?

#2 கடைசி வளைவு

அண்ணே, டையரை எடுத்தது அநியாயம்னு சொல்றீங்களா? எனக்கு அப்படித் தோணலை. அன்னைக்கு மழை கிடையாது, கடைசி நேரக் குழப்பம் கிடையாது. பெட்ரோவும் ரோஸ்பெர்க்கும் முதல் லேப்பிலயே டயர் மாத்தினது எல்லார் திரையிலயும் இருந்துச்சு. அவங்களைத் தாண்டி வெளிய வர இடைவெளி இருக்கான்னு பார்க்கிறதுதான் பிட் வாலோட முதல் வேலை. அதை விட்டுட்டு தப்பான ஆளைத் துரத்துனாங்க. பெரிய நாற்காலியில உட்கார்ந்தா பெரிய அடியும் வாங்கித்தான் ஆகணும்.

#3 சிவப்பு 27

காலங்காத்தால பெட்ரோவ் பேரை ஏன்யா எடுக்கிறீங்க. பதினைஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் அந்த வண்டியோட பின்பக்கம் கனவுல வருது.

#4 ஈரத்தடம்

கடைசி வளைவு தம்பி, தப்பு நடக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. "வெப்பரைக் கவர் பண்ணு" என்பது அந்த நேரத்தில் அங்கே இருந்த யாருக்கும் வந்திருக்கக்கூடிய பயம். டையரை எடுத்ததும் அந்தப் பயம் கூடவே போய்விட்டதா? 2022-ஐப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆள் மாறிவிட்டார், பயம் அதே நாற்காலியில் குந்திக்கொண்டிருந்தது.

#5 பிட்போர்டு

2022 மொனாக்கோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழையால் தாமதமாகத் தொடங்கிய பந்தயம். ஃபெராரியின் லெக்லெருக்குச் சொந்த ஊரில் போல் பொசிஷன் (முதல் இடத்திலிருந்து தொடக்கம்), முன்னால் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கிறார், பின்னால் அதே அணியின் சைன்ஸ். இரண்டு பேருக்கும் முழு ஈர டயர். தடம் காயத் தொடங்குகிறது. 16-வது லேப்பில் ரெட் புல் பெரெஸைக் கூப்பிட்டு, லேசான ஈரத்துக்கான இன்டர்மீடியட் டயர் மாட்டுகிறது. அவர் உடனே வேகமாக ஓடத் தொடங்குகிறார். ஃபெராரி இரண்டு லேப் யோசிக்கிறது. 18-வது லேப்பில் லெக்லெரை உள்ளே கூப்பிட்டு அதே இன்டர். வெளியே வந்தால் பெரெஸ் முன்னால் போய்விட்டார்.

இப்போது சைன்ஸைப் பாருங்கள். அவரையும் இன்டருக்குக் கூப்பிட்டார்கள், அவர் முடியாது என்றுவிட்டார். ஈர டயரிலேயே தாக்குப்பிடித்து நேராக உலர்ந்த தடத்துக்கான ஸ்லிக்குக்குப் போய்விடலாம், ஒரு ஸ்டாப் மிச்சம் என்பது அவர் கணக்கு. 21-வது லேப்பில் அவர் உள்ளே வருகிறார். அதே லேப்பில் லெக்லெருக்கும் "உள்ளே வா" என்று ரேடியோ. அவர் பிட் பாதைக்குள் திரும்பியும் ஆயிற்று, அப்போதுதான் "வேண்டாம், வெளியே இரு" என்று அடுத்த குரல். எங்கே இருப்பது? வண்டியை மந்திரம் போட்டா தடத்துக்குத் திருப்ப முடியும்? சைன்ஸ் டயர் மாற்றி முடிக்கும் வரை பின்னால் வரிசையில் நின்றார். ரேடியோவில் லெக்லெர் போட்ட கத்தலை நீங்களே கேட்டிருப்பீர்கள். முதலில் இருந்தவர் நாலாவதாக முடித்தார். பெரெஸ், சைன்ஸ், வெர்ஸ்டப்பன், அப்புறம்தான் அவர்.

இதில் டயர் தேர்வு மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஈரம் காயும் தடத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நான் உறுத்தலாகப் பார்ப்பது அந்த "உள்ளே வா"வுக்கும் "வெளியே இரு"வுக்கும் நடுவே இருந்த சில வினாடிகளை. அந்த நேரத்தில் முடிவு யாரிடம் இருந்தது? பிட் வாலிலா, மாரனெல்லோ தொழிற்சாலையில் திரைகளுக்கு முன் உட்கார்ந்திருப்பவர்களிடமா, ரேஸ் இன்ஜினியரிடமா? பதில் தெளிவாக இருந்திருந்தால் இரண்டாவது குரலே வந்திருக்காது. அன்றைய வியூகத் தலைவர் இன்யாகி ருவேடா மாதிரி எத்தனை பேரை மாற்றினாலும் இந்த இடம் தானாக அடைபடாது.

#6 கணக்குப்பிள்ளை

மொனாக்கோவை மன்னிச்சுடலாம். ஹங்கேரியை எப்படி மன்னிக்கிறது?

ஜூலை 31, 2022. 70 லேப். லெக்லெர் மீடியம் டயர்ல ஆரம்பிச்சு, ரெண்டாவதாவும் மீடியம் போட்டு, ரஸ்ஸலைத் தாண்டி முதல் இடத்துல ஓடுறார். உலர்ந்த பந்தயத்துல ரெண்டு வகை டயரையாவது பயன்படுத்தணும்னு விதி. அப்போ மூணாவது செட், பிடிமானம் அதிகம் ஆனா சீக்கிரம் தேயுற சாஃப்ட்டா, மெதுவா தேயுற ஹார்டா? 38-ல வெர்ஸ்டப்பன் உள்ள வர்றார். 39-ல ஃபெராரி லெக்லெரைக் கூப்பிடுது. மிச்சம் 31 லேப். சாஃப்ட் அவ்வளவு தூரம் தாங்காது. அதனால ஹார்ட்.

அந்த ஹார்ட் டயர்ல ஆல்பீன் அணியோட வண்டி ரெண்டும் ஏற்கனவே தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சு. குளிரான நாள், டயர் சூடேறவே இல்லை. ரெட் புல் என்ன பண்ணுச்சு தெரியுமா? ஹார்ட்ல ஆரம்பிக்கிறதுதான் திட்டம். தொடக்க வரிசைக்குப் போற லேப்ல பிடிமானம் இல்லைன்னு தெரிஞ்சதும் அவங்க வியூகப் பொறுப்பாளர் ஹன்னா ஷ்மிட்ஸ் குழு திட்டத்தையே கிழிச்சுப் போட்டுட்டு சாஃப்ட்ல ஆரம்பிச்சது. பத்தாவது இடத்துல இருந்து கிளம்பி வெர்ஸ்டப்பன் ஜெயிச்சார், நடுவுல ஒரு வட்டம் சுத்தியும். லெக்லெர் ஆறாவது.

அப்போ மெர்சிடஸ்ல இருந்த ஹாமில்டனும் மீடியம், மீடியம்தான். ஆனா 51-வது லேப் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்து, கடைசி 19 லேப்புக்கு சாஃப்ட் போட்டார். ஏழாவதா ஆரம்பிச்சவர் ரெண்டாவது வந்தார். வழி கண்ணு முன்னாடியே இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் மீடியத்துல இருக்கணும்னு லெக்லெரே ஆசைப்பட்டார். வெப்பரைப் பார்த்துப் பயந்த மாதிரியே வெர்ஸ்டப்பனைப் பார்த்துப் பயந்து கூப்பிட்டாங்க. ஈரத்தடம் சொன்ன நாற்காலிப் பயம்னா இதுதான், அதை ஒத்துக்கிறேன்.

#7 மொட்டை டயர்

சில்வர்ஸ்டோனை விட்டுட்டீங்களே. ஓகோன் வண்டி நின்னு சேஃப்டி கார் வந்துச்சு. முன்னால ஓடுன லெக்லெரைப் பழைய ஹார்டோட வெளிய விட்டுட்டு, சைன்ஸுக்கு மட்டும் புது சாஃப்ட் மாட்டினாங்க. அதோட விட்டாங்களா? மறுபடி பந்தயம் தொடங்கும்போது லெக்லெரைக் காப்பாத்த பத்து வண்டி நீளம் தள்ளி வான்னு சைன்ஸ்கிட்ட கேட்டாங்க. அவர் முடியாதுன்னுட்டார். சைன்ஸுக்கு முதல் வெற்றி, லெக்லெருக்கு நாலாவது இடம். ஃபெராரி ஜெயிச்ச நாள்லயும் பிட் வாலைத் திட்ட வேண்டியதாப் போச்சு, இதெல்லாம் என்ன டீம்!

#8 கடைசி வளைவு

சரி, இவ்வளவு நடந்தும் யாரையும் மாத்தக்கூடாதா? அப்போ டீம் தலைவரா இருந்த பினோட்டோ அந்த வருஷம் முழுக்கத் தன் ஆளுங்களை விட்டுக்கொடுக்கவே இல்லை. ஹங்கேரி முடிஞ்சதும் வண்டியோட வேகம்தான் பிரச்சினைன்னார். வருஷக் கடைசியில அவரே போயிட்டார். 2023 ஜனவரியில அவர் இடத்துக்கு வாஸ்ஸர் வந்தார். ருவேடாவைத் தொழிற்சாலைப் பக்கம் அனுப்பிட்டு, அதே குழுவுல இருந்த ரவின் ஜெயினை வியூகத் தலைவர் ஆக்கினார். அடுத்த சீசன்ல 2022 மாதிரி வாராவாரம் கூத்து நடக்கலையே. அப்போ மாத்தினது பலன் கொடுத்துச்சுன்னுதானே அர்த்தம்?

#9 கணக்குப்பிள்ளை

2023-ல முன்னாடி ஓடுற வண்டியே இல்லையே தம்பி. அந்த வருஷம் 22 பந்தயத்துல 21-ஐ ரெட் புல் அள்ளிக்கிட்டுப் போச்சு. முதல் இடத்துல ஓடுறவனுக்குத்தான் முதல் இடத்தைத் தொலைக்கிற வாய்ப்பே வரும். ஆறாவதா ஓடுறவன் தப்பா பிட் பண்ணா டிவியில கூட காட்ட மாட்டாங்க.

மிச்சமிருந்த அந்த ஒண்ணு சிங்கப்பூர், சைன்ஸ் ஜெயிச்சார். அங்கயும் ஜெயிக்க வச்ச மூளை வண்டிக்குள்ளதான் இருந்துச்சு. பின்னால நாரிஸ், அவருக்குப் பின்னால புது மீடியத்துல ரெண்டு மெர்சிடஸ். சைன்ஸ் வேணும்னே வேகத்தைக் குறைச்சு நாரிஸை டிஆர்எஸ் தூரத்துக்குள்ளயே வச்சிருந்தார், அவரால மெர்சிடஸைத் தடுக்க முடியுற மாதிரி.

#10 பிட்போர்டு

ருவேடாவை ஒரேயடியாகத் திட்டுபவர்களுக்கு ஒரு ஜோடிக் கணக்கு.

2018 பஹ்ரைன். ரைக்கோனன் பிட் ஸ்டாப்பில் விபத்து, மெக்கானிக் ஒருவருக்குக் கால் முறிந்தது. வெட்டலை இன்னொரு தடவை உள்ளே கூப்பிடும் நிலை இல்லை. 18-வது லேப்பில் போட்ட சாஃப்ட் டயரிலேயே 39 லேப் இழுத்து, பொட்டாஸை 0.699 வினாடி இடைவெளியில் தடுத்து ஜெயித்தார். வியூக மேசையில் ருவேடா.

2024 மொன்சா. லெக்லெர் 15-வது லேப்பில் ஹார்ட் போட்டார். மெக்லாரன் இரண்டு வண்டிகளும் இரண்டு ஸ்டாப். லெக்லெர் ஒரே ஸ்டாப்போடு அதே டயரில் 38 லேப் இழுத்தார். பியாஸ்ட்ரி துரத்தி வந்தும் 2.664 வினாடி மிச்சம். வியூக மேசையில் ஜெயின்.

39 லேப், 38 லேப். ஒரு லேப்தான் வித்தியாசம். முதல் ஆளை முட்டாள் என்கிறோம், இரண்டாவது ஆளை மேதை என்கிறோம். அதே ஜெயின் காலத்தில்தான் 2025 மெல்போர்னும். கடைசியில் மழை இறங்கியது, மற்றவர்கள் உள்ளே ஓடினார்கள், ஃபெராரி இரண்டையும் ஸ்லிக்கிலேயே வெளியே விட்டு வைத்தார்கள். லெக்லெர் 8, அந்த வருடம் ஃபெராரிக்கு வந்த ஹாமில்டன் 10. மொன்சாவில் காத்திருந்தது துணிச்சல், மெல்போர்னில் காத்திருந்தது மடத்தனம். இரண்டிலும் செய்தது காத்திருந்ததுதான்.

#11 சிவப்பு 27

மொன்சா அன்னைக்கு நான் அழுதேன். சும்மா சொல்லி வைக்கிறேன். தொடருங்க.

#12 மொட்டை டயர்

மத்த டீமும் சொதப்புதே. 2018 ஆஸ்திரியா ஞாபகம் இருக்கா? பொட்டாஸ் வண்டி நின்னு விர்ச்சுவல் சேஃப்டி கார். ரெட் புல்லும் ஃபெராரியும் ரெண்டு ரெண்டு வண்டியையும் உள்ள கூப்பிட்டுச்சு. மெர்சிடஸ் மட்டும் ஹாமில்டனை வெளிய விட்டுச்சு. எல்லாரும் மெதுவா போகும்போது பிட்டுக்கு ஆகிற நஷ்டம் பாதியா குறையும், அந்தத் தள்ளுபடியை விட்டுட்டாங்க. அப்புறம் மெர்சிடஸ் வியூகத் தலைவர் ஜேம்ஸ் வவுல்ஸ் ரேடியோவுல நேரா வந்து, என் தப்புதான், இன்னைக்கு வெற்றியைத் தூக்கி எறிஞ்சது நான்தான்னு ஹாமில்டன்கிட்ட ஒத்துக்கிட்டார். உலகமே கேட்குது. அவரை யாரும் தூக்கலை. அந்த வருஷமும் பட்டம் அவங்களுக்குத்தான். 2023-ல அவர் வில்லியம்ஸுக்கு டீம் பிரின்சிபல் ஆகிப் போனார்.

#13 கணக்குப்பிள்ளை

இதுக்குப் பக்கத்துல 2025 கத்தாரையும் வைங்க. ஒரு செட் டயர்ல 25 லேப்புக்கு மேல ஓடக்கூடாதுன்னு அங்க கட்டுப்பாடு. பந்தயம் 57 லேப். ஏழாவது லேப்ல சேஃப்டி கார். 57-ல 7 போனா 50. சரியா 25, 25. ஒண்ணாம் கிளாஸ் கணக்கு! வெர்ஸ்டப்பன் உட்பட கிட்டத்தட்ட எல்லாரும் உள்ள போனாங்க. முன்னால ஓடுன பியாஸ்ட்ரியையும் நாரிஸையும் மெக்லாரன் வெளியவே வச்சிருந்துச்சு. ஜெயிச்சது வெர்ஸ்டப்பன். பியாஸ்ட்ரி 2, நாரிஸ் 4. அடுத்த வாரம் நாரிஸ் வெர்ஸ்டப்பனை விட ரெண்டே புள்ளி கூட எடுத்து, 423-க்கு 421, பட்டத்தைக் காப்பாத்திக்கிட்டார். அந்த ரெண்டு புள்ளி அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா மெக்லாரன்லயும் ஒரு கிறிஸ் டையர் கிடைச்சிருப்பார்.

#14 கடைசி வளைவு

இது செம பாயின்ட். ஆனா மெக்லாரன், மெர்சிடஸ் ரெண்டுக்கும் வண்டி வேகமா இருந்துச்சு. தப்பை மன்னிக்க வேகம் வேணும். வேகம் இல்லாதவன் மன்னிப்பும் கொடுத்தா நாலாவது இடத்துலயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

#15 ஸ்டாப்வாட்ச்

இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தவன், முதல் பதிவு. பெரிய மேடைக் கதை இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களோடு மூன்று மணி நேர கார்ட்டிங் எண்டூரன்ஸ் பந்தயம் ஓடினோம். ஆறு பேர், ஓட்டுநர் மாறி மாறி ஓட்ட வேண்டும். பலகை பிடிப்பது என் வேலை. லேப் கணக்கு எழுதுவது இன்னொருவர். ரேடியோ கிடையாது. ஓட்டுநரை உள்ளே கூப்பிடும் முடிவை எடுப்பது யார் என்று நாங்கள் பேசிவைக்கவே இல்லை. பேச வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் வேறு ஒரு வண்டி சுழன்று மஞ்சள் கொடி. கணக்கு எழுதுபவர் "இப்பவே கூப்பிடு" என்றார். நான் "உள்ளே" பலகையைத் தூக்கினேன். அதே நேரம் அடுத்து ஓட வேண்டியவர் "இரு, இரு, ஹெல்மெட் மாட்டலை" என்று கத்தினார். பலகையை இறக்கிவிட்டேன். எங்கள் ஓட்டுநர் அதைத் தூக்கியதையும் பார்த்தார், இறக்கியதையும் பார்த்தார். பிட் வாசலில் வேகத்தைக் குறைத்து, எங்களைப் பார்த்துக் கையை விரித்து, மறுபடி மிதித்துப் போனார். அந்த ஒரு தடுமாற்றத்தில் இரண்டு வண்டிகள் தாண்டிப் போய்விட்டன.

முடிந்ததும் எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள், பலகை என் கையில் இருந்ததால். அடுத்த பந்தயத்துக்கு வேறொருவரைப் பலகை பிடிக்கவைத்தார்கள். அவரும் இதே மாதிரி ஒரு தடவை தூக்கி இறக்கினார்.

#16 பிட்போர்டு

ஸ்டாப்வாட்ச், வாங்க வாங்க. நான் இருபது வரியில் திணறியதை நீங்கள் ஒரு பலகையில் முடித்துவிட்டீர்கள். (நானும் பலகைதான், பெயரைப் பாருங்கள்.)

#17 மொட்டை டயர்

அப்போ ரேஸ் இன்ஜினியரை மாத்தினதை எங்க சேர்ப்பீங்க? 2024-ல லெக்லெர் பக்கத்துல ஷாவி மார்க்கோஸை எடுத்துட்டு பிரையன் போட்ஸியைக் கொண்டுவந்தாங்க. இமோலாவுல தொடக்கம். அடுத்த பந்தயமே மொனாக்கோ, லெக்லெர் சொந்த ஊர்ல ஜெயிச்சார். போட்ஸி ராசிக்காரர்!

#18 கணக்குப்பிள்ளை

போல்ல இருந்து கிளம்பினார், முதல் லேப்லயே பெரிய விபத்து, சிவப்புக் கொடி. எல்லாரும் நின்ன இடத்துலயே டயர் மாத்திக்கிட்டாங்க. அதுக்கப்புறம் மொனாக்கோவுல யாரு யாரைத் தாண்டுறது? அன்னைக்கு ரேடியோவுல நான் இருந்தாலும் ஜெயிச்சிருப்பார். ராசியெல்லாம் கிளப்பாதீங்க.

#19 ஈரத்தடம்

போட்ஸியை ராசியில் சேர்க்க வேண்டாம், ஆனால் அந்த மாற்றத்தை நான் மதிக்கிறேன். பேசும் குரல் மாறியது. மார்க்கோஸ் காலத்தில் லெக்லெர் கேள்வி கேட்டால் "பார்த்துச் சொல்கிறோம்" என்று பதில் வரும், அந்தப் பார்ப்பது முடிவதற்குள் ஒரு வளைவு போய்விடும். மணிக்கு 300 கிலோமீட்டரில் ஐந்து வினாடி என்றால் 400 மீட்டருக்கு மேல். பிட் வாசல் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். போட்ஸியிடம் பேச்சு சுருக்கம். ஆளை மாற்றியதால் எதுவுமே மாறாது என்று முதல் பதிவில் நான் சொன்னது போல் தொனித்திருந்தால், அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். குரலுக்கு உரிய இடத்தில் ஆளை மாற்றினால் பலன் உண்டு. நடந்துபோன தோல்விக்குக் கணக்குத் தீர்க்க மாற்றினால், 2011 ஜனவரி மாதிரி ஒரு செய்தி வெளியாகும், அத்தோடு சரி.

உச்சியில், டீம் தலைவர் நாற்காலியில், நடந்ததையும் பாருங்கள். 2014 ஏப்ரலில் டொமெனிக்காலி போனார். மத்தியாச்சி வந்து அந்த வருடமே போனார். அடுத்து அர்ரிவாபெனே, 2019-ல் பினோட்டோ, 2023-ல் வாஸ்ஸர். ஒன்பது வருடத்துக்குள் ஐந்து முகம். ஒவ்வொருவரும் தனக்கு நம்பிக்கையானவர்களைக் கொண்டுவருவார், பழையவர்கள் ஒதுங்குவார்கள். போகிறவர்களும் சும்மா போவதில்லை. மெக்கீஸ் ஃபெராரியிலிருந்து போய், 2025-ல் ரெட் புல்லுக்கே தலைவர் ஆனார். ருவேடாவும் பினோட்டோவும் சாபர் அணியில் மறுபடி ஒரே கூரையின் கீழ் சேர்ந்தார்கள். 2022-ல் வாங்கிய அடியெல்லாம் அவர்களுக்கு அனுபவம். அந்த அனுபவத்துக்குச் சம்பளம் கொடுத்தது ஃபெராரி, பலன் இன்னொரு கொட்டகைக்கு.

#20 கடைசி வளைவு

கடைசி வரி வலிக்குது அண்ணே. சரி, பாதி ஒத்துக்கிறேன். டையரை எடுத்தது சரின்னுதான் இப்பவும் சொல்வேன், ஆனா எடுத்துட்டு அந்தப் பயத்துக்கு என்ன பண்ணாங்கன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்லை.

வாஸ்ஸர் ஒப்பந்தத்தை 2025 ஜூலையில நீட்டினப்போ நான் கடுப்பானவன். அந்த வருஷம் டீமுக்கு நாலாவது இடம், ஹாமில்டனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துல ஒரு போடியம் (முதல் மூணு இடம்) கூட இல்லை. அன்னைக்கு அவரைத் தூக்கியிருந்தா ஆறாவது முகம் வந்து, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கும். அதை யோசிச்சா கடுப்பு கொஞ்சம் இறங்குது.

#21 ஸ்டாப்வாட்ச்

ஒரு யோசனை. அடுத்த ஈரப் பந்தயத்தில் நாமே அளந்தால் என்ன? முதல் வண்டி டயர் மாற்ற உள்ளே போகும் நொடியிலிருந்து ஃபெராரி ரேடியோவில் முதல் "பாக்ஸ்" (உள்ளே வா) வரும்வரை எத்தனை வினாடி, அதற்குப் பிறகு சொல்லை மாற்றினார்களா இல்லையா. ஒளிபரப்பில் ரேடியோ தாமதமாகத்தான் வரும், அதனால் வண்டிக் கேமராவின் ஆன்போர்டு காட்சியில் கேட்டு அளக்க வேண்டும். யாராவது மெக்லாரனை எடுத்துக்கொண்டால் ஒப்பிடலாம்.

#22 கணக்குப்பிள்ளை

மெக்லாரன் என் பொறுப்பு. அட்டவணை தயார் பண்ணிடறேன்.

#23 சிவப்பு 27

நீங்க அளங்க. நான் அன்னைக்கு மழை வரக்கூடாதுன்னு வேண்டிக்கிறேன்.